வானத்தைப் பார்த்துச் சுடுகிற சட்டம்

வில்லும் வேலும் இன்னும் பரணுக்கு ஏறாமல், கப்பல்காரர்கள் துப்பாக்கியையும் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஒரு காலம். அப்போது ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த வம்சத்தில் மிச்சமிருக்கிற யாராவது மீசையை முறுக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் வேண்டாம். ராஜாவின் பெயர் மட்டும் சொல்கிறேன், மகுடேசுவரர். கெட்ட மனிதர் அல்ல. சிரிக்கப் பிடிக்கும், சட்டம் போடப் பிடிக்கும். இரண்டையும் பெரும்பாலும் ஒரே மூச்சில் செய்துவிடுவார், அதுதான் தொல்லை.

அவரைச் சிரிக்க வைப்பதற்கென்றே சபையில் ஒரு விகடன் இருந்தான். தாண்டவன் என்று பெயர். ஒல்லியான ஆள். வாய் திறந்தால் சபை குலுங்கும். ராஜா அவன் பேச்சுக்குச் சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் தளவாய் கடம்பராயருக்கு வயிறு எரியும். படைக்கெல்லாம் தலைவர், ஆறு போரில் ஜெயித்தவர், ஆனால் அவர் ஒரு வேடிக்கை சொன்னால் அவருடைய வேலைக்காரர்கள் மட்டும்தான் சிரிப்பார்கள்.

துப்பாக்கிக்கு வருவோம். ராஜா, தளவாயையும் சேர்த்து, தம்முடைய முப்பத்திரண்டு பிரபுக்களுக்கும் ஆளுக்கொரு துப்பாக்கி பரிசாகக் கொடுத்திருந்தார். தமக்கென்று தங்கப்பூண் போட்ட ஒன்றை வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கப்பலில் வந்தது. ஆகவே ஒன்றின் குழாய் மாதிரி இன்னொன்று இராது, ஒன்றின் குண்டு மற்றொன்றில் இறங்காது. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்க ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி அச்சு உண்டு. ராஜா கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. துப்பாக்கி பிரபுவின் வீட்டில் இருக்கட்டும், அச்சு அரண்மனை ஆயுதசாலையில்தான் இருக்கவேண்டும் என்று வழக்கம் வைத்துவிட்டார். திருவிழாவுக்கு முதல் நாள் பிரபுக்களின் வேலைக்காரர்கள் போய் ஆயுதசாலையில் குண்டு வாங்கி வருவார்கள். அது எங்கே வார்க்கப்படுகிறது, எப்படி வார்க்கப்படுகிறது என்று எந்தப் பிரபுவும் ஒருநாளும் கேட்டதில்லை. தங்கள் வீட்டுச் சோறு எந்த அடுப்பில் வேகிறது என்றே கேட்காதவர்கள் இதையா கேட்கப் போகிறார்கள்?

தேர் நிலைக்கு வரும்போதும், ராஜாவின் பிறந்தநாளிலும் மரியாதை வேட்டு உண்டு. ராஜா முதலில் சுடுவார், பிறகு முப்பத்திரண்டு பேரும் ஒன்றாகச் சுடுவார்கள். வெறும் வெடிமருந்தைக் கெட்டித்து வெடித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். குண்டில்லாமல் சுடுவது ராஜாவுக்கு ஒற்றைக் கையால் கும்பிடு போடுவதற்குச் சமம் என்று தளவாய் ஒரு நாள் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு வெறும் மருந்து போடுகிற துணிச்சல் எவருக்கும் வரவில்லை.

அப்போதெல்லாம் ஏரிப்பக்கம் பார்த்து நேராகச் சுடுவது வழக்கம். ஒரு வருடம் யாருடைய குண்டோ பட்டத்து யானையின் இடது காதைத் துளைத்துக்கொண்டு போயிற்று. ராஜா துடித்துப் போனார். மூன்று நாள் சபை கூடிற்று. துப்பாக்கியே கூடாது என்றார் ஒருவர். யானையே கூடாது என்றார் இன்னொருவர். பேசிப் பேசி எல்லாருக்கும் அலுத்துப்போன மூன்றாம் நாள், தாண்டவன் எழுந்து நின்றான்.

"மகாராஜா, கீழே பார்த்துச் சுட்டால் எறும்பு சாகும். நேரே பார்த்துச் சுட்டால் யானை சாகும். மேலே பார்த்துச் சுடச் சொல்லுங்கள். மேலே இருப்பவர்கள் தேவர்கள். அவர்களுக்குத்தான் சாவே கிடையாதே!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எழுது, அதையே எழுது" என்றார். இனிமேல் இந்த ராஜ்ஜியத்தில் மரியாதை வேட்டு வானத்தைப் பார்த்தே சுடப்படவேண்டும் என்று செப்பேட்டில் வெட்டினார்கள். அந்த நாட்டில் துப்பாக்கிக்கு என்று போடப்பட்ட முதல் சட்டம் அது. அது ஒரு வேடிக்கைப் பேச்சு. தாண்டவனுக்கு முத்துக் கடுக்கன் பரிசாகக் கிடைத்தது.

மேலே போனது கீழே வரும் என்று மாங்காய்க்குக் கல்லெறிகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் ஒரு கூரையில் பொத்தல் விழுந்தது. அதற்கடுத்த திருவிழாவில் ஒரு கன்றுக்குட்டி செத்தது. கூரைக்குச் சொந்தக்காரனும் கன்றுக்குச் சொந்தக்காரனும் விதியை நொந்துகொண்டார்கள். ராஜாவிடம் போய்ச் சொல்ல அவர்களிடம் பட்டத்து யானையா இருந்தது?

மூன்றாம் வருடம் தேரன்று, தாண்டவனின் எட்டு வயது மகள் சிலம்பாயி, கோயில் வாசல் கல்தரையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேர் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பாவாடை. ஒரு கையில் பொரி. தாண்டவன் அங்கே இல்லை. அவன் மேடைமேல் ராஜாவின் பக்கத்தில் நின்று, ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். வேட்டு முழங்கிற்று. கூட்டம் ஓவென்று கத்திற்று. அந்தச் சத்தத்தில் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். நின்று நின்று கால் வலித்திருக்கும் என்று அவள் அம்மா நாச்சியார் நினைத்தாள். குனிந்து தூக்கப் போனபோதுதான் பார்த்தாள். நெற்றிப்பொட்டில் பட்டுக் கல்லில் மோதிய குண்டு, சிதறிக் கிடந்த பொரிக்கு நடுவே கிடந்தது.

பிள்ளையை எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு நாச்சியார் மூன்று நாள் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குண்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். நான்காம் நாள் காலையில் அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"யான காதுல பட்டதுக்கு மூணு நாள் சபை கூடுச்சே. எம்புள்ளைக்கு எத்தன நாள் கூட்டுவாங்க?"

தாண்டவன் காதிலிருந்த கடுக்கனைத் தொட்டான்.

"மேல பாத்துச் சுடுங்கன்னு சொன்னது நீங்கதானே?"

"வேடிக்கைக்குச் சொன்னேன் நாச்சி."

"ஊரே சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன். அந்தக் கடுக்கனப் போட்டுக்கிட்டு வந்து நின்னீங்களே, அழகா இருக்குன்னு சொன்னேன்." அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் பதினோரு நாள்ல ராஜாவோட பொறந்தநாள் வருது. அன்னிக்கும் அதே எடத்துல ஊர்ப் புள்ளைங்க எல்லாம் நிக்கும். அன்னிக்கும் சுடுவாங்க. நீங்க சொன்ன வாயாலயே நிறுத்துங்க. நிறுத்த முடியலன்னா வீட்டுக்கு வராதீங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் குண்டை அவன் கையில் வைத்தாள். தாண்டவன் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரு சின்ன மரப்பெட்டியில் போட்டு மூடி, கடுக்கனைக் கழற்றி வைத்துவிட்டு அரண்மனைக்கு நடந்தான்.

சபை கூடியிருந்தது. அவனைக் கண்டதும் ராஜாவின் முகம் மலர்ந்தது. பாவம், பத்து வருடப் பழக்கம். பிறகு நினைவு வந்து முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

"தாண்டவா, உன் துக்கம் என் துக்கம். என்ன வேண்டும், கேள்."

"மரியாதை வேட்டை நிறுத்தவேண்டும் மகாராஜா. துப்பாக்கிகளை வாங்கிப் பூட்டவேண்டும்."

முப்பத்திரண்டு பிரபுக்களும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தளவாய் கையை உயர்த்தி அவர்களை அடக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"மகாராஜா, முப்பத்திரண்டு குண்டும் சட்டப்படி மேலே போயின. மேலே போன பிறகு அவை எங்கள் குண்டுகள் அல்ல, வானத்தின் குண்டுகள். வானத்தைத்தான் இவன் கைது செய்யவேண்டும். அதுவும் போகட்டும், அந்தச் சட்டத்தைச் சொன்னவனே இவன்தானே? அன்று பரிசு வாங்கினான், இன்று முறையிடுகிறான். இது எந்த ஊர் நியாயம்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். தளவாயின் பேச்சுக்கு வாழ்நாளில் முதல்முறையாகச் சபை சிரித்தது. தாண்டவன் தலை குனிந்து நின்றான். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவனை நான்கு நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

ராஜா தாடியைத் தடவினார். "தளவாய் கேட்பதும் சரிதான். குற்றவாளி யார் என்று தெரியாமல் ராஜா என்ன செய்ய முடியும்? ஒரு துப்பாக்கி செய்த பிழைக்கு முப்பத்திரண்டையும் பூட்டினால் மற்றவர்களுக்கு அநியாயம் அல்லவா? தாண்டவா, எது என்று நீ காட்டு. பத்து நாள் தருகிறேன். குற்றமுள்ள துப்பாக்கி எதுவாக இருந்தாலும் என் ஆயுதசாலையில் பூட்டுகிறேன். நான் இருக்கும்வரை அது வெளியே வராது. இது என் வாக்கு."

"காட்ட முடியாவிட்டால்?" என்றார் தளவாய்.

"நீரே சொல்லும்."

"முப்பத்திரண்டு குலங்களின் பெயரைக் கெடுத்ததற்காகப் பெண்டாட்டியோடு நாட்டைவிட்டுப் போகட்டும்."

"சம்மதம்" என்றான் தாண்டவன். கையிலிருந்த பெட்டியை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான். "என் மகளைக் கொன்ற குண்டு இதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குழாய் அளவு வேறு என்பது சபைக்குத் தெரியும். பத்தாம் நாள் ஒவ்வொரு குழாயாகப் பார்ப்பேன். குற்றமுள்ளது தானே காட்டிக்கொடுக்கும். இப்போதே வேண்டுமானால் பெட்டியைத் திறந்து..."

"திறக்காதே!" ராஜா சிம்மாசனத்தில் பின்னால் சாய்ந்தார். "சாவு தொட்ட பொருள். சபைக்குத் தீட்டு. அரக்கு வைத்து முத்திரை போட்டு எங்காவது தள்ளி வை."

அப்படித்தான் சொல்வார் என்று தாண்டவனுக்குத் தெரியும். பெட்டிக்கு முத்திரை வைத்தார்கள். சபை கலைந்தது. அன்று ஒரு பிரபுவும் பக்கத்துப் பிரபுவோடு பேசிக்கொண்டு போகவில்லை. எல்லாரும் தனித்தனியாகப் பல்லக்கில் ஏறினார்கள்.

தாண்டவன் நேரே ஆயுதசாலைக்குப் போனான். அங்கே காவலர் ஏகாம்பரம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். ஒரு எழுத்து கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

"அச்சுகள் எல்லாம் பத்திரமா இருக்கா அண்ணே?"

"பூட்டி வெச்சிருக்கேன் தம்பி. எல்லாத்துக்கும் எண் வெட்டியிருக்கு."

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"அச்சையா? இத யாரு கேக்கப் போறா? அந்த ஐயாமாருக்கு இப்பிடி ஒண்ணு இருக்கறதே தெரியாதே."

"பத்தாம் நாள் எல்லா அச்சையும் சபைக்கு எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசவேணாம்."

இனி அந்தப் பத்து நாளில் நடந்ததைச் சொல்லவேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் கொல்லர் தெரு. அங்கே அது வரைக்கும் கலப்பைக் கொழுவும் அரிவாளும்தான் வேலைக்கு வரும். இரண்டாம் நாள் பட்டப்பகலில் ஒரு வீணை உறை வந்து இறங்கிற்று. உள்ளே வீணை இல்லை. மூன்றாம் நாள் ஒரு கரும்புக் கட்டு. அன்று மாலைக்குள் பாயில் சுருட்டிய ஒன்று, பட்டுச்சேலையில் சுற்றிய ஒன்று. "ஒன்றுமில்லை, குழாயைக் கொஞ்சம் அகலப்படுத்தவேண்டும், ஒரு நெல் அளவு போதும், யாரிடமும் சொல்லாதே" என்று எல்லாரும் ஒரே பேச்சைச் சொன்னார்கள். பெட்டிக்குள் இருக்கிற குண்டு தம் குழாயில் அளவாகப் பொருந்திவிடக்கூடாது என்பதுதான் எல்லாருடைய கணக்கும். ஒரு பிரபு உள்ளே வரும்போது இன்னொரு பிரபு கொல்லைப்பக்கமாக முள்வேலியைத் தாண்டிப் போனார். ஒருவருக்குத் தொடையில் முள் கிழித்தது, வெளியே சொல்லமுடியவில்லை. தளவாய் ஐந்தாம் நாள் வந்தார். ஆறு போர் கண்ட மனிதர், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்.

சிரிப்பான சங்கதிதான். எனக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வரும், பாதியில் நின்றுவிடும். அவர்களில் ஒருவருக்கும் அது தம்முடைய குண்டு என்று தெரியாது, அல்ல என்றும் தெரியாது. திரியைப் பற்றவைத்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள், வெடித்தது, அவ்வளவுதான். எங்கே போய் விழுந்தது என்று யார் பார்த்தார்கள்? இப்போது ஒவ்வொருவரும் வீட்டில் தனியாக உட்கார்ந்து, அது நானாக இருந்தால், நானாக இருந்தால் என்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுங்கியவர்களில் ஒருவர்கூடத் தாண்டவன் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு ஆறுதல் சொல்லவில்லை.

பத்தாம் நாள் சபையில் முப்பத்திரண்டு பிரபுக்களும் முப்பத்திரண்டு துப்பாக்கிகளோடு வந்து உட்கார்ந்தார்கள். முகத்தில் கலக்கம் கொஞ்சமும் இல்லை. ஏகாம்பரம் கணப்புச்சட்டியும் ஈயமும் அச்சுப் பெட்டியுமாக ஒரு ஓரத்தில் நின்றார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

தளவாய் முதல் ஆளாக எழுந்தார். தம் துப்பாக்கியை நீட்டினார். "என்னுடையதிலிருந்தே ஆரம்பிக்கட்டும் மகாராஜா. எனக்கு என்ன பயம்? அந்தக் குண்டைப் போட்டுப் பார்க்கட்டும்."

"போடுகிறேன் தளவாய் பெருமானே. அதற்கு முன்னால் ஒரு சின்னக் காரியம். தங்கள் துப்பாக்கிக்குத் தங்கள் குண்டையே போட்டுப் பார்த்துவிடலாம்." தாண்டவன் திரும்பினான். "அண்ணே, தளவாய் அச்சு."

"ஏழாம் எண்" என்றார் ஏகாம்பரம். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினார். ஆறவைத்து அச்சைத் திறந்து எடுத்தார். பளபளவென்று ஒரு குண்டு.

"இந்த அச்சு இந்தத் துப்பாக்கியோடு ஒரே கப்பலில் வந்தது" என்றான் தாண்டவன். "இதில் வார்த்த குண்டு, இந்தக் குழாயில் விரலால் அழுத்தினால்தான் இறங்கும். சரிதானே அண்ணே?"

"அழுத்தி இடிச்சாத்தான் எறங்கும்" என்றார் ஏகாம்பரம்.

தாண்டவன் குண்டைக் குழாய் வாயில் வைத்தான். கடகடவென்று அடிவரைக்கும் உருண்டு போயிற்று. குழாயைக் கவிழ்த்தான். உருண்டு வந்து தரையில் விழுந்தது. தளவாயின் முகம் வெளுத்துவிட்டது. 'அச்சு என்று ஒன்று இருக்கிறதா!' என்று அவர் மனசுக்குள் அலறியிருப்பார்.

"அடுத்தது" என்றான் தாண்டவன்.

எட்டாம் எண் துப்பாக்கி. உருண்டது. பதினொன்று, உருண்டது. இருபது, இருபத்தைந்து, முப்பது. ஒவ்வொரு பிரபுவும் பலிக்குப் போகிறவர் மாதிரி எழுந்துவந்து துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, குண்டு தரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். பத்தாவது குண்டு விழுந்தபோது ராஜாவுக்கு உதடு துடித்தது. இருபதாவதில் தோள் குலுங்கிற்று. முப்பத்திரண்டாவது விழுந்து உருண்டு தளவாயின் காலடியிலேயே போய் நின்றபோது ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"முப்பத்திரண்டுமா! அடே, ஒருவர் பாக்கியில்லாமல் முப்பத்திரண்டு பேருமா!"

"இது மோசடி மகாராஜா!" தளவாய் கத்தினார். "குழாயைச் சுத்தம் செய்யக் கொடுத்தோம், அவ்வளவுதான். இவன் அந்தக் குண்டை எடுக்கவே இல்லையே? பெட்டியைத் திறக்கட்டும்!"

தாண்டவன் முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்தான். தீட்டு என்று இந்தத் தடவை ராஜா சொல்லவில்லை. உள்ளே இருந்ததை உள்ளங்கையில் எடுத்து வைத்துச் சபைக்குக் காட்டினான். கல்லில் மோதித் தட்டையாய் நசுங்கிப்போன ஒரு ஈயத்துண்டு. குண்டு என்று சொல்லவே முடியாது.

"இது எந்தக் குழாயிலும் போகாது பெருமானே. அன்றைக்கே நசுங்கிவிட்டது. இதை வைத்து எவரையும் பிடிக்க முடியாது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். நான் சொன்னது இவ்வளவுதான். குற்றமுள்ளது தானே காட்டிக்கொடுக்கும் என்றேன், அது காட்டிக்கொடுத்துவிட்டது. அது தம்முடைய குண்டு அல்ல என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவர் எழுந்து தம் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். தெரிந்திருந்தால் ஏன் குழாயைக் குடைந்தீர்கள்?"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவன் குரல் மெல்ல இறங்கிற்று. "என் மகளைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதைத்தான் இந்தப் பத்து நாளாக நீங்கள் அனுபவித்தீர்கள். நான் சாகிறவரைக்கும் அனுபவிப்பேன். ஏனென்றால் மேலே சுடச் சொன்னவன் நான்."

ராஜா சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஜெயித்துவிட்டாய் தாண்டவா. முப்பத்திரண்டையும் பூட்டுகிறேன். இந்தா" என்று கழுத்து முத்துமாலைக்குக் கை கொண்டுபோனார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க" என்றார் ஏகாம்பரம்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எல்லா அச்சையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஒண்ணாம் எண் அச்சு இன்னும் வார்க்கல."

ஒன்றாம் எண் ராஜாவுடையது. தங்கப்பூண் போட்டது. ராஜாவின் கை முத்துமாலையிலேயே நின்றுவிட்டது.

இதைத் தாண்டவன் நினைத்திருக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஒன்றை வெளியே விட்டுவிட்டுப் போட்ட சட்டம் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த வருடம் இளவரசருக்கு ஒன்று வேண்டும். அதற்கடுத்த வருடம் மருமகனுக்கு. பிறகு தளவாய்க்கு மட்டும் என்ன குறைச்சல் என்பார்கள். சிலம்பாயி நின்ற இடத்தில் வேறொரு பிள்ளை பொரியோடு நிற்பாள். அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"மகாராஜா, எதுவாக இருந்தாலும் என்று தாங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்."

தளவாயின் முகத்தில் ரத்தம் திரும்பிற்று. இனி விகடனின் தலை தப்பாது என்று அவர் நினைத்தார். ராஜா மாலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சேவகனைப் பார்த்து, "என் அறையிலிருக்கிறது. எடுத்துவா" என்றார்.

ஏகாம்பரம் ஈயத்தை ஊற்றினார். குண்டு ஆறுகிற வரைக்கும் சபை காத்திருந்தது. ராஜா படியிறங்கி வந்து, குண்டைத் தாமே எடுத்து, தம்முடைய துப்பாக்கியின் வாயில் வைத்தார்.

கடகடவென்று உருண்டு போயிற்று.

"ஆறாம் நாள் அனுப்பினேன்" என்றார் ராஜா, யாரையும் பார்க்காமல். "முதலில் சுட்டது நான்தானே. கட்டிலுக்கு எதிரே தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க முடியவில்லை தாண்டவா." சொல்லிவிட்டுச் சிரித்தார். மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அல்ல. பாதியில் உதட்டைக் கடித்துக்கொண்டார். "முப்பத்து மூன்றையும் பூட்டுங்கள். இந்த ராஜ்ஜியத்தில் இனிமேல் எந்தத் திருவிழாவிலும், எந்த மரியாதைக்கும், யாரும் சுடக்கூடாது. யாரும் என்றால் நானும்தான். எழுதுங்கள்."

எழுதினார்கள். ராஜா மாலையைக் கழற்றி நீட்டினார். தாண்டவன் கைகட்டி நின்றான்.

"மாலை வேண்டாம் மகாராஜா. பூட்டின சாவி போதும்."

"எடுத்துக்கொள்."

"இன்னொன்றும் கேட்பேன். போன தடவை இந்தச் சபை சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தது. இந்த ஓலைக்கு வைக்கும்போது யாரும் சிரிக்கவேண்டாம். சிரிப்பு என் தொழில். அதனால்தான் கேட்கிறேன்."

ராஜா தலையசைத்தார். முத்திரை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் ராஜாவின் பிறந்தநாள். கோயில் வாசல் கல்தரையில் ஊரே கூடியிருந்தது. சட்டம் மாறின செய்தி பாதிப் பேருக்கு இன்னும் எட்டவில்லை. தாண்டவன் மேடைக்குப் போகவில்லை. கூட்டத்தில் நாச்சியார் பக்கத்தில் நின்றான், சாவி இடுப்பில் இருந்தது. ராஜா உப்பரிகைக்கு வந்து வழக்கம்போல வெள்ளைத் துணியை அசைத்தார். மேளம் நின்றது. வேட்டு வரப்போகிறது என்று பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கைகளை எடுத்தார்கள். என்ன ஆயிற்று என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மறுபடி மேளம் தொடங்கிற்று. ஒரு குழந்தை இன்னொரு வாழைப்பழம் வேண்டுமென்று அழுதது.

நாச்சியார் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கழுத்தை நிமிர்த்தி வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சுது நாச்சி. வா, போகலாம்."

"இருங்க" என்றாள், பார்வையை இறக்காமல். "இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துட்டு வரேன்."

கூட்டம் கலைந்து போயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தாண்டவனும் அவள் பக்கத்தில் நின்று மேலே பார்த்தான்.